கை சிஸ்டர்

எங்கள் ஆஸ்பத்திரியில் ‘சிஸ்டர்’ என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ‘கை சிஸ்டர்’ என்றால் ஒருவர்தான். எதிரே யார் வந்தாலும் அவர் பார்வை முதலில் கைக்குப் போகும், அப்புறம்தான் முகத்துக்கு வரும். பெரிய டாக்டரானாலும் நோயாளியின் மைத்துனரானாலும் தண்ணீர் கேன் கொண்டு வருகிறவரானாலும் அப்படித்தான். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவருகே சுவரில் கிருமிநாசினிக் குப்பி ஒன்று மாட்டியிருக்கும். அதை அழுத்திக் கையைத் தேய்க்காமல் யாராவது உள்ளே நுழையப் போனால் அவர் தடுக்க மாட்டார், அதட்டவும் மாட்டார். தன் கையில் மருந்தை எடுத்து, அந்த ஆளைப் பார்த்துக்கொண்டே நிதானமாகத் தேய்க்க ஆரம்பிப்பார். விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் எல்லாம். கொட்டாவி தொற்றிக்கொள்வது மாதிரி அது எதிராளியையும் தொற்றிக்கொள்ளும்.

நான் அங்கே கிருமி ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியனாக இருந்தேன். நோயாளியின் ரத்தத்திலும் சளியிலும் என்ன கிருமி வளர்கிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. அது ஒரு படுக்கையிலிருந்து இன்னொரு படுக்கைக்குப் போகாமல் பார்ப்பது அவர் வேலை. தினமும் காலையில் என் மேசைக்கு வந்து, “ஏதாவது முளைச்சிருக்கா அண்ணே?” என்பார். வயலில் விதை தெளித்துவிட்டு வந்தவர் கேட்பது போல இருக்கும். முளைக்கவில்லை என்று சொன்னால் முகத்தில் பெரிய சந்தோஷம் எதுவும் தெரியாது. “செரி, நாளைக்கும் பாப்போம்” என்று போய்விடுவார்.

ஆள் குட்டை. தக்கலைப் பக்கத்துக்காரர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அவரைக் கண்டால் பலருக்குப் பயம் இருந்தது. பார்த்ததைச் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது என்பதுதான் காரணம். பிறர் முன்னால் சொல்ல மாட்டார், பின்னாலும் சொல்ல மாட்டார். உரிய ஆளிடம், அப்போதே, மெதுவாகச் சொல்லிவிடுவார்.

எங்கள் புதுவீட்டு ஜெபத்துக்கு வந்திருந்தார். வந்தவர்கள் எல்லாரும் வீடு கொள்ளாம், நல்லா இருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் மனைவி அவரிடமும் வீடு எப்படியிருக்கிறது என்று கேட்டாள். “அடுக்களையில வெளிச்சம் காணாது” என்றார். அதற்குப் பிறகு ஒரு மாதம் என் மனைவி அவரைப் பற்றி நல்ல வார்த்தை பேசவில்லை. ஜன்னல் வைக்கவும் இல்லை.

புதிதாகச் சேர்ந்த நர்ஸ் ஒருத்தி கையில் ஊசி குத்திவிட்டது. ஏச்சு விழும் என்று பயந்து யாரிடமும் சொல்லாமல் இருந்தாள். கட்டைவிரலை அவள் மடக்கி வைத்திருந்த விதத்தைப் பார்த்தே இவர் கண்டுபிடித்துவிட்டார். தனியே கூட்டிப்போய் ரத்தப் பரிசோதனைக்கும் மருந்துக்கும் ஏற்பாடு செய்தார். மேலிடத்தில் அந்தப் பெண்ணுக்கு ஒரு சொல்கூட விழாமல் பார்த்துக்கொண்டார். அவளிடம் சொன்னதை என்னிடமும் பலமுறை சொல்லியிருக்கிறார்: “பழைய மீன்கறியத் தவிர, மூடி வச்சது எதுவும் நல்லா வராது மக்கா.”

நோயாளிக்காக ஜெபிக்க வரும் போதகர் ஒருவர் இருந்தார். நேரே படுக்கைக்குப் போய் நெற்றியில் கை வைப்பது அவர் வழக்கம். கை சிஸ்டர் ஒருநாள் அவரை வாசலில் நிறுத்தி, ஜெபத்துக்கு முன்னால் கையைத் தேய்க்க வேண்டும் என்றும், ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்குப் போகும்போது மறுபடியும் தேய்க்க வேண்டும் என்றும் சொன்னார். போதகருக்கு முதலில் முகம் சுண்டிவிட்டது. பிறகு பழகிவிட்டார். கையைத் தேய்த்துக்கொண்டே ஜெபத்தை ஆரம்பித்துவிடுவார். ஈரம் காயும்போது முதல் வாக்கியம் முடிந்திருக்கும்.

கீரிப்பாறையிலிருந்து வந்த ஒரு தாய் எனக்கு நன்றாக நினைவிருக்கிறார். அவருடைய மகன் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன். மலைப்பாதையில் பைக்கோடு சரிந்து தலையில் அடிபட்டிருந்தான். மூச்சுக்கருவியில் கிடந்தான். அய்யாவழிக் குடும்பம். அவர்கள் கும்பிடும் பதியிலிருந்து, நெற்றியில் இடும் வெள்ளை மண்ணான திருநாமமும், அதைக் கரைத்த பதத் தண்ணீரும் கொண்டுவந்திருந்தார். மகன் வாயில் ஒரு சொட்டு விட வேண்டும் என்று கேட்டு அழுதார். உள்ளே இருந்தவர்கள் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கை சிஸ்டர் வந்து அந்தத் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, மகனுக்கு இப்போது விழுங்க முடியாது, விட்ட தண்ணீர் நெஞ்சுக்குள் போகும், போனால் கெடுதல் என்று சொன்னார். பிறகு, நாமத்தை நெற்றியில் இடலாம், நீங்களே இடுங்கள் என்று சொல்லி, அந்தத் தாயின் இரண்டு கைகளையும் தாமே கழுவித் துடைத்து உள்ளே கூட்டிப்போனார். பதத் தண்ணீரைத் தாய் தானே குடித்தார். மகனுக்காகத்தான் குடிக்கிறேன் என்றார். அது செல்லும் என்றார் கை சிஸ்டர்.

அந்தப் பையன் தேறிக்கொண்டு வரும்போதுதான் காய்ச்சல் வந்தது. அவன் ரத்தத்தில் ஒரு கிருமி வளர்ந்தது. சாதாரணமாக மனிதர் உடம்பில் இருக்காத, ஈரத்திலும் தண்ணீரிலும் வாழ்கிற ஒன்று. அடுத்ததாக ஒரு பெரியவருக்கு அதே கிருமி. மூன்றாவதாக, குளச்சல் துறைமுகத்தில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் ஒருவருக்கு. அவர் நுரையீரல் காய்ச்சலோடு, மூச்சு முட்டி வந்தவர். சர்க்கரையும் அதிகம். கிருமி வளர்ந்த மூன்று ஆய்வுத் தட்டுகளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். கை சிஸ்டர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இது வெளிய இருந்து வந்தது இல்ல அண்ணே. நம்ம வீட்டுக்குள்ள இருக்கு” என்றார்.

அன்றே பார்வையாளர்களை நிறுத்தினார். நெருங்கிய சொந்தம்கூட உள்ளே வரக் கூடாது, கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். குளச்சல்காரரின் மனைவி வெளிக்கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தார். மகள் குவைத்தில் நர்ஸ். விடுப்புக் கிடைத்து வந்துகொண்டிருந்தாள்.

இப்படி ஒன்று நடந்தால் எல்லாரும் ஆளைத் தேடத் தொடங்குவார்கள். எங்கள் ஆஸ்பத்திரியிலும் அதுதான் நடந்தது. துப்புரவு வேலை பார்த்த ஒரு பெண்மேல் பேச்சு திரும்பியது. அவள் கையுறை மாற்றுவதில்லை, துடைக்கிற துணியை ஒழுங்காக அலசுவதில்லை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அவளை நிறுத்திவிட்டால் தீர்ந்தது என்கிற மாதிரி இருந்தது. கை சிஸ்டர் அதைக் காதில் வாங்கவில்லை. எல்லார் கையையும் சோதிக்க வேண்டும் என்றார். “முதல்ல எனக்க கை” என்று தன் ஐந்து விரல்நுனிகளையும் என் தட்டில் அழுத்தினார். மறுநாள் அதில் புள்ளிபுள்ளியாக வளர்ந்திருந்ததை எடுத்துக்கொண்டு போய், இது எனக்க கை என்று டாக்டர்களிலிருந்து துப்புரவுக்காரர்வரை எல்லாருக்கும் காட்டினார். மற்றவர்களின் தட்டுகளில் எது யாருடையது என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. யாரையும் கேட்கவும் அவர் விடவில்லை. ஒருவர் கையிலும் நாங்கள் தேடிய கிருமி இல்லை.

தண்ணீர்க் குழாயில், கழுவுதொட்டியில், மூச்சுக்கருவியில், மருந்து வண்டியில் என்று எங்கெல்லாமோ தேடினோம். கழுவுதொட்டியில் அதே கிருமி வளர்ந்தது. ஆனால் தொட்டியிலிருந்து மூன்று பேரின் ரத்தத்துக்குள் அது எப்படிப் போனது? மூவரும் வேறுவேறு படுக்கை. பார்த்துக்கொண்ட நர்ஸ்கள் வேறு. ஒரே ஒற்றுமை, மூவருக்கும் கழுத்தில் ரத்தக்குழாய்க்குள் மருந்துக் குழாய் போட்டிருந்தார்கள். அதனால் புதிதாக ஒருவருக்கு அந்தக் குழாய் போடும்போது கை சிஸ்டர் சுவரோரம் போய் நின்றுகொண்டார். டாக்டர் முறைப்படி கை கழுவி, அங்கி மாட்டி, புது உறை போட்டார். நோயாளியின் கழுத்தை மருந்தால் துடைத்தார்கள். எல்லாம் சுத்தம். ரத்தக்குழாய் எங்கே ஓடுகிறது என்று பார்க்க ஸ்கேன் கருவியைக் கொண்டுவந்தார்கள். ஊசி இறங்கும் இடத்தில் வைக்கிற அதன் முனையில் தடவும் ஜெல்லை நர்ஸ் ஒரு குப்பியிலிருந்து பிதுக்கினாள். அந்தக் குப்பியைத்தான் கை சிஸ்டர் என்னிடம் கொண்டுவந்தார். கொண்டுவரும்போதே அவர் முகம் மாறியிருந்தது. எனக்கு அப்போது காரணம் விளங்கவில்லை.

ஜெல்லில் கிருமி அடர்த்தியாக வளர்ந்தது.

கண்காணிப்பாளர் அறையில் கூட்டம். பெரிய கேனில் வரும் ஜெல்லைச் சிறு குப்பிகளில் நிறைத்து வைப்பது எங்கள் வழக்கம். காலிக் குப்பியைக் கழுவியது யார் என்று கண்காணிப்பாளர் கேட்டார். எல்லார் கண்ணும் கதவோரம் நின்ற துப்புரவுப் பெண்மேல் போனது. கை சிஸ்டர் எழுந்தார்.

“கழுவுனது அவ. கழுவச் சொன்னது நான். முன்னால கழுவாம அப்படியே நிறைச்சிட்டிருந்தாவ, அது அழுக்குன்னு நாந்தான் மாத்துனேன். அந்தத் தொட்டியில பைப் வெள்ளத்துல கழுவி, ஈரம் காயாம நிறைச்சா என்ன ஆகும்னு நெனச்சுப் பாக்க வேண்டியது எனக்க வேலை சார். அவளுக்க வேலை இல்ல.”

சுத்தம் வேண்டும் என்று அவர் போட்ட விதிதான் கிருமிக்கு வழி திறந்துவிட்டது. அவராகச் சொல்லாவிட்டால் அது யாருக்கும் தோன்றியிருக்காது. அன்றோடு குப்பிகளை எல்லாம் எறிந்தோம். ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாகக் கிருமி நீக்கிய பொட்டலம் வாங்க ஏற்பாடானது. புதிதாக யாருக்கும் அந்தக் கிருமி வரவில்லை. கீரிப்பாறைப் பையன் மருந்துக்கு இணங்கி எழுந்துவிட்டான். பெரியவரும் பிழைத்துக்கொண்டார். குளச்சல்காரர் மட்டும், நாங்கள் குப்பியைக் கண்டுபிடித்ததற்கு முந்தின நாள் மத்தியானமே இறந்துபோயிருந்தார். மகள் வந்து சேருவதற்குள் முடிந்துவிட்டது. மனைவி கதவுக்கு வெளியே இருந்தார்.

மூன்று குடும்பங்களுக்கும் நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று கை சிஸ்டர் கண்காணிப்பாளரிடம் போய் நின்றார். கண்காணிப்பாளர் கெட்டவரில்லை. ஆஸ்பத்திரிக்கு வரும் பேரை நினைத்துத் தயங்கினார். உயிரோடு இருக்கிறவர்களுக்குச் சொல்லலாம், குளச்சல்காரர் வந்ததே மோசமான நிலையில்தான், இந்தக் கிருமி இல்லாவிட்டாலும் பிழைத்திருப்பார் என்று யாரும் சொல்ல முடியாது என்றார். அது உண்மையும்கூட.

“சொன்னா அந்த மனுஷன் திரும்பி வருவாரா?” என்று கேட்டார்.

“வரமாட்டாரு சார். ஆனா அவிய வீட்டுல எல்லாரும் ஒண்ணை நம்பிட்டு இருப்பாவ. அது நெசம் இல்லன்னு நமக்கு மட்டும் தெரியும். அத வச்சிட்டு நான் எப்படி நாளைக்கு அந்தக் கதவுல போய் நிக்கது?”

கண்காணிப்பாளர் சில நாள் கழித்துக் கூப்பிட்டு, போய்விட்டு வாருங்கள், அவர்கள் இங்கே வந்தால் நான் பேசிக்கொள்கிறேன் என்றார்.

பெரியவர் வீட்டில் கேட்டுக்கொண்டார்கள். கீரிப்பாறைத் தாய் முழுவதையும் கேட்டுவிட்டு, பிள்ளை எழும்பிட்டான், எனக்கு அது போதும் என்றார். பையன்தான் சிரித்தான். “அப்பம் நான் குப்பி கழுவுன வெள்ளத்துலயா கிடந்தேன்?” என்று கேட்டான். கை சிஸ்டரால் கூடச் சேர்ந்து சிரிக்க முடியவில்லை.

குளச்சலுக்கு நானும் போனேன். கிருமியைப் பற்றிக் கேட்டால் சொல்ல ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார். துறைமுகத்துக்குப் பின்னால் சிறிய வீடு. முற்றத்தில் தார்ப்பாயால் மூடிய எஞ்சின் ஒன்று பாதி பிரித்தபடி இருந்தது. மனைவியும் மகளும் எங்களை உட்காரச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து துக்கம் விசாரிக்க வந்திருக்கிறோம் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். கை சிஸ்டர் சுற்றி வளைக்கவில்லை. அவருக்கு வந்த இரண்டாவது காய்ச்சல் எங்கள் ஆஸ்பத்திரியில் வந்தது, நாங்கள் நிறைத்து வைத்த ஜெல் வழியாக வந்தது, அதற்கு விதி போட்டது நான், அவர் போனதற்கு அதுதான் காரணமா என்று எங்களால் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை என்று சொல்லி நிறுத்தினார்.

மகள் நர்ஸ் ஆனதால் கிருமியின் பெயரைக் கேட்டாள். சொன்னேன். ஜெல்லை மாற்றியாயிற்றா என்று கேட்டாள். மாற்றியாயிற்று என்றோம். பிறகு அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாய்தான் பேசினார்.

“அவியளுக்க நேரம் முடிஞ்சு போனாவன்னு நெனச்சு மனசை ஆத்திட்டு இருந்தேன் சிஸ்டர். இப்பம் வந்து அதையும் எடுத்துட்டுப் போறிய. இதச் சொல்லி உங்களுக்கு மனசு லேசாயிருக்கும். எனக்கு?”

கை சிஸ்டர் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் அந்த அம்மாள் ஏதாவது கொடுத்தாக வேண்டியிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. மகள் எழுந்து கதவைத் திறந்து பிடித்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் கேட்டேன், சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று.

“தெரியல அண்ணே” என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டது அபூர்வம். அதற்குப் பிறகு பல நாள் அவர் மத்தியானச் சாப்பாட்டைத் திறந்து பாதியிலேயே மூடிவிடுவார். வேலையில் ஒன்றும் குறையவில்லை. காலையில் வந்து முளைச்சிருக்கா என்று கேட்பதும் நிற்கவில்லை. வழக்கு வரும் என்று கண்காணிப்பாளர் எதிர்பார்த்தார். வரவில்லை. குளச்சலிலிருந்து ஒரு தகவலும் இல்லை.

அவர் ஓய்வுபெற்றுப் பல வருஷம் ஆகிறது. மகன் குடும்பத்தோடு மார்த்தாண்டத்தில் இருக்கிறார் என்று கேள்வி. அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது அந்தக் கூட்டமும் அல்ல, அந்தக் குப்பியும் அல்ல. அது நடந்த மறுவருஷம் தவக்காலத்தில் ஒரு காலை, குளச்சல் அம்மாள் தனியாக ஆஸ்பத்திரிக்கு வந்து, வீட்டுக்கு வந்த சிஸ்டரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதுதான்.

கை சிஸ்டர் என்னையும் கூட்டிக்கொண்டு வெளிக்கூடத்துக்குப் போனார். அந்த அம்மாள் மெலிந்திருந்தார். உட்காரச் சொல்வதற்கு முன்னாலேயே பேச ஆரம்பித்துவிட்டார். அடக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும், கடைசி நேரத்தில் உன் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டாராம் என்று அவரிடம் சொன்னார்களாம். ஆறுதலுக்குத்தான் சொல்லியிருக்கிறார்கள். அவருக்கோ அன்றிலிருந்து கண் மூடினால் அந்தக் கூப்பிடுகிற சத்தம் கேட்கிறது.

“நான் இந்தக் கதவுக்கு வெளியதானே இருந்தேன். அவிய கூப்பிட்டும் நான் போகலியேன்னு இருக்கு. உறக்கமே இல்ல. ஆருட்ட கேட்டாலும் எனக்கு நோகாம சொல்லுவாவ. நீங்க அப்படிச் சொல்லமாட்டிய. அதுதான் வந்தேன். கூப்பிட்டாவளா?”

கை சிஸ்டர், அந்த நேரம் நான் அவர் பக்கத்தில் இல்லை, இருந்த பிள்ளை இன்றைக்கு வேலையில் இருக்கிறாள், கூட்டிக்கொண்டு வருகிறேன், அவள் எது சொன்னாலும் நான் அதை மாற்ற மாட்டேன், கேட்கிறீர்களா என்றார். அந்த அம்மாள் தலையசைத்தார்.

நர்ஸ் வந்தாள். இளம்பெண். கை சிஸ்டரின் முகத்தைப் பார்த்தாள். நடந்ததை நடந்தபடி சொல்லு என்று மட்டும் சொன்னார் அவர்.

“கூப்பிடல அம்மா” என்றாள் நர்ஸ். “தொண்டையில குழாய் இருந்துது, பேச ஏலாது. உறக்க மருந்து போயிட்டிருந்துது. முந்தின நாளே கண்ணு திறக்கல. அவியளுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. நான் கையைப் பிடிச்சிட்டு நின்னேன்.”

“வெறுங்கையா?”

நர்ஸ் தயங்கினாள். “இல்ல அம்மா. உறை போட்டிருந்தேன்.”

அந்த அம்மாள் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

“அப்பம் என்னைத் தேடல.”

“தேடல அம்மா.”

அழுதார். கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, வாய்விட்டு, நெடுநேரம். நர்ஸ் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. கை சிஸ்டர் பக்கத்து நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

பிறகு அந்த அம்மாள் குழாயடியில் முகம் கழுவிவிட்டு, பஸ் எப்போது என்று கேட்டார். நாங்கள் இருவரும் நிறுத்தம்வரை கூடப் போனோம். வழியில் அவர் மன்னித்துவிட்டேன் என்றோ, இனி கோபம் இல்லை என்றோ சொல்லவில்லை. பஸ் வந்து நின்றது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக் கம்பியில் சாய்ந்தார். டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் அந்த அம்மாள் வாய் லேசாகத் திறந்தபடி உறங்கிப்போயிருந்தார்.

கை சிஸ்டர் படியில் ஏறி, கண்டக்டரைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: “குளச்சல் வந்ததும் எழுப்பி விடுங்க. அதுக்கு முன்ன எழுப்பாண்டாம்.”